ரெஸ்ட்டா, பிரேக்கா?

ஃபுட்பால் ரசிகனுக்கு பிரஷர் எகிறுவது மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது. அப்போதுதான் ஆடப்போகும் பதினோரு பேர் பட்டியல் வரும். போன வாரம் ரெண்டு கோல் போட்டவன் பெயர் அதில் இருக்காது. ‘ரொட்டேஷன்’ என்பார் மேனேஜர். அதன் பிறகு உலகம் முழுக்க அவருக்கு அர்ச்சனைதான்.

பென்னலூரிலும் அப்படித்தான். தெரியாதவர்களுக்கு: பெங்களூர் ஹைவேயில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஊர். இன்ஜினீயரிங் காலேஜ் ஒன்று, சுற்றிலும் கம்பெனிகள், மாடிக்கு மாடி வாடகை ரூம்கள். செகண்ட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நடுராத்திரி. சாம்பியன்ஸ் லீக் மேட்ச் நம்மூரில் தெரிவதும் அந்த நேரத்தில்தான். கடவுளும் ஹெச்.ஆரும் சேர்ந்து போட்ட டைம்டேபிள் மாதிரி!

எங்கள் மொட்டைமாடியில் ஒரு செல்போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைத்து, ஏழெட்டுப் பேர் பார்ப்பார்கள். பார்ப்பதைவிட சண்டைதான் அதிகம். ஒருவர் வியாசர்பாடிக்காரர். அந்த ஏரியாவுக்கே ‘குட்டி பிரேசில்’ என்று பட்டப்பெயர் உண்டு என்பதால், தன்னை பிரேசிலின் தூதுவராகவே நினைத்துக்கொள்வார். இன்னொருவர் மேற்கு வங்கத்துக்காரர், மோகன் பகான் பக்தர். எல்லோரும் அவரை ‘தாதா’ என்போம். வங்காளத்தில் அது அண்ணன்; நம்மூர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

“ஜெயிக்கிற டீம்ல கை வெக்கக் கூடாது ஜி. நல்லா ஓடினுக்கிற வண்டிய எதுக்கு கழட்டிப் பாக்கணும்?” - இது வியாசர்பாடி கட்சி.

அவருடைய சாட்சி ரானியேரி. 2000-லிருந்து 2004 வரை செல்சீ மேனேஜராக இருந்தபோது டீமை மாற்றிக்கொண்டே இருந்ததால், ‘டிங்கர்மேன்’ என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. (நம்மூரில் டிங்கரிங் என்றால் காரின் ஒடுக்கு எடுப்பது. ஏறக்குறைய அதே அர்த்தம்தான்.) அதே மனிதர் 2015-16 சீசனில் லெஸ்டர் சிட்டிக்குப் போனார். டீமை அதிகம் கலைக்கவில்லை. 5000-க்கு ஒன்று என்று பந்தயக்காரர்கள் கைகழுவியிருந்த டீம், பிரீமியர் லீக் சாம்பியன்!

தாதா சும்மா இருப்பாரா? “லெஸ்டர் அந்த வருஷம் யூரோப் கப் ஆடல. மேட்ச் கம்மி. ரெஸ்ட் இருக்கு. வாரம் ரெண்டு மேட்ச் ஆடு, அப்ப தெரியும். மிஷினுக்கே ரெஸ்ட் வேணும், மனுஷனுக்கு வேணாமா?”

அவருடைய சாட்சி பெனிடெஸ். லிவர்பூலில் 2006 வரை தொடர்ந்து 99 ஆட்டங்களுக்கு, முந்தைய ஆட்டத்தில் இறங்கிய அதே பதினோரு பேரை அவர் இறக்கவே இல்லை. திட்டாத ஆளில்லை. ஆனால் 2005-ல் இஸ்தான்புல்லில், இடைவேளையில் 0-3 என்று பின்தங்கிக் கிடந்த லிவர்பூல், மிலானைப் பிடித்து சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியதும் இதே பெனிடெஸ் காலத்தில்தான்.

தாதா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகல் ஆட்கள் பீலேயை உதைத்து நொண்டவைத்தார்கள். மாற்று ஆள் இறக்க அப்போது விதியில்லை. உலகத்தின் ஒப்பற்ற ஆட்டக்காரர், நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர் வந்ததே 1970-ல்தான். ஒரு ஆட்டத்தில் ஐந்து பேர் வரை மாற்றலாம் என்றானது 2020-ல், கொரோனா புண்ணியத்தில்.

இந்த ஞானம் கம்பெனிக்காரர்களுக்கும் உண்டு. லைனில் ஒரே ஆள் ஷிஃப்ட் முழுக்க கையைத் தலைக்கு மேல் தூக்கி போல்ட் முறுக்கினால் தோள்பட்டை காலி. அதனால் நல்ல லைனில், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஸ்டேஷன் மாற்றிவிடுவார்கள். அதற்கும் பெயர் ரொட்டேஷன்தான். நாலு வேலை கத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, உடம்புக்கும் நல்லது.

இப்படி ஒரு ராத்திரி வாதம் சூடாகிக்கொண்டிருந்தபோது, திருவண்ணாமலைப் பக்கத்துத் தம்பி ஒருத்தன், தீவிர லிவர்பூல் ரசிகன், வழக்கமாக எல்லோரையும்விட அதிகமாகக் கத்துகிறவன், அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

“என்னப்பா, உன் கட்சி எது?” என்றேன்.

“நான் பிரேக்ல இருக்கேண்ணா” என்றான்.

இந்தப் பக்கத்தில் ‘பிரேக்’ என்றால் என்னவென்று எந்த டீக்கடையிலும் சொல்வார்கள். 1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. இருபத்து நாலு மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் 480 என்ற எண்ணை எண்ணத் தெரிந்தவர்கள் கேட்டுக்கு உள்ளேயும் இருக்கிறார்களே! கணக்கு நெருங்குவதற்குள் கான்ட்ராக்டரிடமிருந்து போன் வரும். “தம்பி, கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கோ. கூப்பிடறேன்.”

தம்பிக்கு அந்த போன் வந்து ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. ஊருக்குச் சொல்லவில்லை. மாசாமாசம் அனுப்பும் பணத்தை ரூம்மேட்டுகளிடம் கைமாத்து வாங்கி அனுப்பியிருக்கிறான். சாயந்திரம் ஷிஃப்ட் நேரத்தில் அம்மா போன் செய்தால் எடுக்க மாட்டான். எடுத்தால் தெரிந்துவிடுமே.

அதற்கப்புறம் ரொட்டேஷன் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்கிறேன். உட்காரவைக்கப்பட்டவனுக்கு அடுத்து எப்போது இறங்குவோம் என்று தெரியுமா? பெஞ்சில் இருக்கும் ஆட்டக்காரனுக்கு சம்பளம் நிற்காது. முதுகில் நம்பர் இருக்கிறது. கோச் பார்வைக்கு எட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அது ரெஸ்ட். ஐ.டி. கார்டையும் யூனிஃபார்மையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு ‘கூப்பிடறேன்’ என்றால் அதற்கு வேறு பெயர். வியாசர்பாடிக்காரரும் தாதாவும் இந்த ஒரு விஷயத்தில் சண்டை போடவில்லை. ரெண்டு பேருமாகச் சேர்ந்து தெரிந்த இடத்திலெல்லாம் தம்பிக்காகச் சொல்லி வைத்தார்கள்.

அந்த சீசன் முடிவதற்குள் தம்பிக்கு ஒரகடம் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். இதுவும் கான்ட்ராக்ட்தான். 480-ல் முதல் நாள்.