பள்ளத்துல தள்ளு தம்பி

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். பிளஸ் டூ தமிழ் பரீட்சைக்கு அப்புறம் ஒரு பக்கத்துக்கு மேல தமிழ்ல எழுதறது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா அது எடிட்டரோட பொறுப்பு.

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விருத்தாசலத்துல இருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி எங்க ஊர். அப்பா பேப்பர் ஏஜென்ட். தினமும் விடியக்காலை மூணு மணிக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்ட் போய், வேன்ல வந்து இறங்குற பண்டலை எடுத்து ஸ்பிளெண்டர்ல கட்டிக்கிட்டு வருவார். அஞ்சு மணிக்கு பசங்க சைக்கிளோட எங்க திண்ணையில காத்துக்கிட்டு இருப்பாங்க. ஞாயித்துக்கிழமைன்னா இணைப்பு, மலர்னு பண்டல் கனமா இருக்கும். அன்னைக்கு மட்டும் பேப்பர் வாங்குறவங்களும் உண்டு.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ராத்திரி, ஒன்பதரை மணிக்கு, வண்டியை உள்ள எடுத்து வைக்கலாம்னு போனா பின் டயர் சுத்தமா காத்து இல்லாம தரையோட உட்கார்ந்திருந்தது.

எங்க ஊர்ல பஞ்சர் கடை ஒண்ணுதான். அவர் எட்டு மணிக்கே பூட்டிட்டுப் போயிடுவார். போன் பண்ணிப் பார்த்தோம், ஸ்விட்ச் ஆஃப். பக்கத்து வீட்டு மாமா ஆட்டோ வச்சிருக்கார், ஆனா அவருக்கு மூணு மணிக்கு சிதம்பரத்துக்குக் கல்யாண சவாரி. "என் பிரெண்டு பைக்கை வாங்கிட்டு வரேம்ப்பா"ன்னேன். அடுத்தவன் வண்டியில லோடு ஏத்துறது அப்பாவுக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம், "விடு, சைக்கிள்ல போயிக்கிறேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

அப்பாவுக்கு முட்டி தேஞ்சிருக்கு. மாடிப்படி ஏற ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் பிடிச்சுக்குவார். சைக்கிளை விட்டே நாலு வருஷம் ஆச்சு. நான் காலேஜ் சேர்ந்த வருஷம்.

அம்மாதான் மெதுவா கேட்டாங்க. "நீ மெக்கானிக்கல் தானே படிக்கிற? உனக்குத் தெரியாதா?"

அதுல கிண்டல் இருந்திருந்தா சமாளிச்சிருப்பேன். நிஜமாவே நம்பிக் கேட்டாங்க. நாலு வருஷமா வீட்டுல எல்லாரும் எனக்கு வண்டி ரிப்பேர் எல்லாம் அத்துப்படின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரியில நான் ஏ பிளஸ். ஒரு நட்டைக் கழட்டினது ஒர்க்‌ஷாப் லேப்ல, அதுவும் ரெக்கார்டுக்கு.

சரி, பண்ணிடுவோம்னு உட்கார்ந்தேன்.

வீட்டுல இருந்த டூல்ஸ்: ரிங் ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், ரெண்டு பெரிய ஸ்க்ரூ டிரைவர் (அப்பா திருப்புளின்னுதான் சொல்வார்), கால்ல மிதிக்கிற பம்ப். அது போக, பேப்பர் போடுற பசங்க சைக்கிளுக்காக அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவுல வச்சிருந்த பஞ்சர் சாமான்: சொல்யூஷன், பேட்ச், உப்புத்தாள், வால்வு பின் கழட்டுற சாவி.

சக்கரத்தைக் கழட்டுறது நினைச்ச அளவுக்குக் கஷ்டமா இல்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பிரேக் ராடு நட்டை எடுத்து, டிரம்மைப் பிடிச்சிருக்குற கம்பியோட போல்ட்டைக் கழட்டி, ஆக்சில் நட்டை லூஸ் பண்ணி ஆக்சிலை உருவினா போதும். ஸ்பிளெண்டர்ல செயினும் ஸ்ப்ராக்கெட்டும் வண்டியிலயே நின்னுடும், சக்கரம் மட்டும் தனியா வரும். மட்கார்டு இடிக்கும்ங்கறதால அம்மா வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிச்சாங்க, நான் இழுத்தேன். கழட்டினதை எல்லாம் கழட்டின வரிசையிலயே ஒரு பழைய பேப்பர் மேல அடுக்கி வச்சேன். எங்க வீட்டுல பழைய பேப்பருக்குப் பஞ்சம் இல்லை.

வால்வு பின்னை எடுத்து மிச்சக் காத்தை விட்டேன். டயர் ஓரம் ரிம்மோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைச் சுத்திலும் குதிகாலால மிதிச்சு உள்ள இறக்கினேன். இது வரைக்கும் யூடியூப் போதுமா இருந்தது. அப்புறம் ரெண்டு திருப்புளியையும் உள்ள விட்டு நெம்ப ஆரம்பிச்சேன்.

வரல. முழு வெயிட்டையும் போட்டேன், அப்பவும் வரல. நெம்புகோல் தத்துவம் எல்லாருக்கும் தெரியும்: கோல் நீளமானா விசை கம்மி போதும். மோட்டார் கொட்டாய்ல கிடந்த ஒரு இரும்புப் பைப்பை எடுத்துட்டு வந்து திருப்புளி பிடியில மாட்டி அழுத்தினேன். திருப்புளி வளைஞ்சது. டயர் வெளிய வந்துச்சு, ஆனா அசிங்கமா, உரிச்சு எடுத்த மாதிரி.

டியூபை உருவிக் காத்தடிச்சு பக்கெட் தண்ணியில முக்கினேன். ஒரு இடத்துல சின்னதா குமிழி. அது மட்டும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். பக்கத்துலயே இன்னும் ரெண்டு இடத்துல, பாம்பு கடிச்ச மாதிரி ஜோடியா, பெரிய பெரிய குமிழி. அந்த ரெண்டும் நான் போட்டது. திருப்புளி முனையில டியூபைச் சேர்த்து நசுக்கியிருக்கேன். ஒரு ஓட்டையை அடைக்க உட்கார்ந்து மூணு ஆக்கிட்டேன். மணி பத்தே முக்கால்.

இந்த நேரத்துலதான் ஆட்டோ மாமா எட்டிப் பார்த்தார். வளைஞ்ச திருப்புளியைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போய், ஆட்டோ டூல் பையில இருந்து ரெண்டு லிவர் கொண்டு வந்தார். முனை தட்டையா, ஓரம் மழுங்கி, கரண்டிக் காம்பு மாதிரி இருக்கும். "கூர்மையா இருந்தா டியூபைத் தின்னுடும் தம்பி"ன்னார். மூணு ஓட்டையும் ஒட்டி முடிச்சுட்டு டயரைத் திரும்ப ஏத்த ஆரம்பிச்சேன். முக்கால்வாசி போச்சு. கடைசி ஒரு ஜாண் மட்டும் போகவே மாட்டேங்குது. பழையபடி வெயிட்டைப் போடப் போனேன்.

மாமா தடுத்தார். "இந்தப் பக்கம் அழுத்தாத. எதிர்ப் பக்கம் போ. அங்க பள்ளத்துல தள்ளு தம்பி."

எதிர்ப் பக்கம் முட்டி போட்டு டயர் ஓரத்தை ரிம்முக்கு நடுவுல அழுத்தினேன். இந்தப் பக்கம் இறுகிப் போயிருந்த டயர் அப்படியே தொளதொளன்னு ஆயிடுச்சு. லிவரை லேசா தூக்கினதும், 'டப்'னு உள்ள போயிடுச்சு.

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். டயரோட ஓரத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி வளையம் ஓடுது. அது நீளவே நீளாது. நீண்டா, ஓடும்போது டயர் ரிம்மை விட்டு வெளிய வந்துடும். நீளக் கூடாதுன்னே செஞ்ச கம்பி அது. எங்க ஸ்பிளெண்டர் டயர்ல 2.75-18னு போட்டிருக்கும். 18ங்கறது அந்த வளையம் உட்கார்ற இடத்தோட விட்டம், இன்ச்ல. ஆனா ரிம்மோட விளிம்பு அதை விட உயரம். சின்ன வளையம் பெரிய விளிம்பைத் தாண்டணும், ஆனா வளையம் நீளாது. அப்ப எப்படித் தாண்டும்? ரிம்முக்கு நடுவுல சுத்திலும் ஒரு பள்ளம் விட்டிருக்காங்க. எதிர்ப் பக்கம் வளையம் அந்தப் பள்ளத்துல இறங்கினா, அந்த ஆழத்து அளவுக்கு இந்தப் பக்கம் தொய்வு கிடைக்கும். அந்தத் தொய்வுலதான் டயர் ஏறும், இறங்கும். நான் பைப்பு மாட்டி அழுத்தினப்ப, நீளாத கம்பியை நீட்டப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

பக்கத்துல உட்கார்ந்து டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்த அம்மா, "வளையல் போடறப்ப கட்டை விரலை உள்ள மடக்குற மாதிரி"ன்னாங்க. நான் மேல எழுதின பத்தியை விட அது பெட்டர்.

அதே காரணத்துக்காக, கழட்டும்போது வால்வு இருக்குற இடத்துல ஆரம்பிக்கணும், மாட்டும்போது வால்வுகிட்ட முடிக்கணும். வால்வு இருக்குற இடத்துல பள்ளத்தை டியூபே அடைச்சுக்கும், அங்க டயர் இறங்காது. எதிர்ப் பக்கம் காலியா இருக்கும். நான் ரெண்டையும் தலைகீழா பண்ணியிருந்தேன். இன்னொண்ணு, லிவரைப் போடறப்ப ஒரு தடவைக்கு ரெண்டு இன்ச் போதும். பேராசைப்பட்டா டியூப் மாட்டிக்கும்.

பதினொன்றரைக்கு அப்பா எழுந்து வந்தார். தூங்கியிருக்க மாட்டார்னு நினைக்கிறேன். நான் டயர் முழுசா ஏறிடுச்சுன்னு பெருமையா காட்டினேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எது குத்துச்சுன்னு பார்த்தியா?"

பார்க்கலை.

திரும்பக் கழட்டினேன். இந்தத் தடவை வால்வுகிட்ட ஆரம்பிச்சு, சோப்புத் தண்ணி தடவி, எதிர்ல முட்டியை வச்சு. பத்து நிமிஷம் கூட ஆகலை. அப்பா ஒரு துணியை எடுத்து டயர் உள்பக்கம் சுத்திலும் மெதுவா தடவிக்கிட்டே வந்தார். ஒரு இடத்துல துணி மாட்டுச்சு. கருவேல முள். வெளிய ஒடிஞ்சு போய், உள்ள ஒரு நூல் அளவு மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. அப்படியே மாட்டியிருந்தா விருத்தாசலம் போறதுக்குள்ள, பண்டலோட, இருட்டுல நின்னிருப்பார். கட்டிங் பிளேயரால உள்பக்கமா இழுத்து எடுத்தார்.

ஸ்போக் நட்டு டியூபைக் குத்தாம இருக்க ரிம் மேல ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது விலகியிருந்ததையும் அவர்தான் சரி பண்ணினார். டியூப்ல கொஞ்சமா காத்தடிச்சு, முறுக்கு விழாம உள்ள வச்சு, கடைசி ஜாணை நான் ஏத்தினேன். சக்கரத்தை மாட்டி, எல்லாம் டைட் பண்ணிட்டு நிமிர்றேன், பழைய பேப்பர் மேல ஒரு இரும்பு புஷ் மட்டும் தனியா உட்கார்ந்திருக்கு. திரும்ப ஆக்சிலை உருவினேன். யாரும் எதுவும் சொல்லலை. அம்மா மட்டும் டார்ச்சை அணைச்சுட்டு டீ போடப் போனாங்க.

டீ குடிச்சுக்கிட்டே போன்ல படிச்சேன். 1888ல டன்லப் காத்தடிக்கிற டயருக்கு பேட்டன்ட் வாங்கினார். கால்நடை டாக்டர் அவர். பெல்ஃபாஸ்ட்ல தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காகச் செஞ்சது அது. ஆரம்பத்துல டயரை ரிம்மோட ஒட்டியே வச்சிருந்தாங்க. பஞ்சரானா பிரிக்கவே மணிக்கணக்கு ஆகும், ஒட்டினது காய ஒரு ராத்திரி. 1891ல மிஷ்லின் சகோதரர்கள் கழட்டி மாட்டுற டயரைக் கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் பாரிஸ்ல இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புற சைக்கிள் பந்தயத்துல ஜெயிச்ச சார்ல் தெரோன் ஓட்டினது அந்த டயர்லதான். அப்பாகிட்ட சொன்னேன். "இன்னும் ஒரு ராத்திரிதான் ஆகுது"ன்னார்.

அது சிரிக்கிறதுக்காகச் சொன்னதான்னு எனக்கு இப்பவும் தெரியலை.

மூணு மணிக்கு அவர் கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வாசல்ல இருந்து ரோடு திரும்புற வரைக்கும் சிவப்பு லைட் தெரிஞ்சது. நான் போய்ப் படுத்தேன், ஆனா போனைக் கையிலயே வச்சிருந்தேன். அஞ்சு மணிக்குத் திண்ணையில பசங்க சத்தமும், பண்டல் கயிறு அறுக்குற சத்தமும் கேட்டப்புறம்தான் தூக்கம் வந்தது.

திங்கட்கிழமை லிவரைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப, பஞ்சர் கடைக்காரர் மாமா வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தார். கதையை முழுசா கேட்டுட்டு சிரியோ சிரின்னு சிரிச்சார். "பஞ்சருக்கு எதுக்குத் தம்பி சக்கரத்தைக் கழட்டின? வண்டியில இருக்கும்போதே ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, ஓட்டை இருக்குற இடத்து டியூபை வெளிய இழுத்து ஒட்டிட்டா ஆச்சே."

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டேன், உங்களுக்கு இது தெரியுமான்னு.

"தெரியும்"னார். பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கலை. "அன்னைக்குக் காத்து ரொம்ப அடிச்சிட்ட. பங்க்ல குறைச்சு வச்சேன்."