மூதூருக்குப் போன சக்கர நாற்காலி

திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்குப் போவதென்றால் எனது சிறுவயதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இறங்குதுறையில் லோஞ்ச் ஏறி கொட்டியாரக் குடாவைக் கடந்து போவது. மற்றது வீதியால் போவது. வீதியால் போகிறவர்கள் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை இறங்கி, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கரைசேர வேண்டும். சாமான் மூட்டையோடும் கைக்குழந்தையோடும் அப்படிப் போய்வந்த பெண்கள் எத்தனையோ பேர். நடக்க முடியாதவர்கள் எப்படிப் போனார்கள் என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. அவர்களில் அநேகர் போகவேயில்லை என்பது சமூகசேவை வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமான அப்பாலம் திறக்கப்பட்டபோது இலங்கையிலேயே மிக நீளமான பாலமாக இருந்தது. அதன் பின்னர் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இப்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் மூதூரில்தான் இறங்குவோம். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நாங்கள் சென்றது ஒரு சிறிய லொறியில். பின்னால் மூன்று சக்கர நாற்காலிகள், ஒரு ஆயுதப் பெட்டி, பழைய சைக்கிள் ரியூப்கள், மெத்தைக்கான நுரைத் துண்டுகள் இருந்தன. முன்னால் இயன்மருத்துவரான ஒரு தங்கையும், நாற்காலி திருத்தும் தம்பியும், நானும்.

பாலத்தின் நடுவில் லொறி போகும்போது இடதுபக்கம் குடா திறந்துகொள்ளும். மகாவலி கங்கை வந்து கலப்பது இந்தக் கொட்டியாரக் குடாவில்தான். 1660ஆம் ஆண்டில் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரைக் கண்டியரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றதும் இந்தக் கரையிலிருந்துதான். பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் அது. எங்கள் தலைமுறைக்கு இந்தக் குடாவைப் பார்த்தால் ஞாபகம் வருவது 2006ஆம் ஆண்டு. அப்போது நான் பாடசாலை மாணவி. ஓகஸ்ட் மாத ஆரம்பத்தில் இரவிரவாக அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டது. மூதூர் நகர மக்கள் கால்நடையாகக் கந்தளாய்க்குப் போனார்கள். மூதூர் கிழக்கில், சம்பூர்ப் பக்கத்தில் இருந்தவர்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போனார்கள். பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்களது காணிகள் விடுவிக்கப்பட்டது 2015, 2016ஆம் ஆண்டுகளில்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அந்தக் கிராமங்களில் ஒன்றிலிருக்கும் ஒரு அக்காவைப் பற்றி. அவரது பெயரையும் ஊரையும் எழுதவில்லை. எழுதுவதற்கு அவர் சம்மதம் தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

2016இல் சமூகவியல் பட்டம் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனேன். 2006இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர் அவர். அன்று நாங்கள் கொண்டுபோனது ஒரு புத்தம்புதிய சக்கர நாற்காலி. ரிபன் கட்டியிருந்தது. அக்காவைத் தூக்கி இருத்தி, படம் எடுத்து, அவரது தாயாரிடம் கையொப்பம் வாங்கினோம். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘வழங்கப்பட்டது, பூர்த்தி’ என்று எழுதியது என் கைதான். அரை மணித்தியாலத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

சில வருடங்களின் பின் வேறொரு வேலையாக அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தேன். நாற்காலி மடித்தபடி சுவரோடு சாய்ந்திருந்தது. அதன் மேல் துணி காய்ந்தது. அக்கா பாயில் படுத்திருந்தார். இருக்கை அவரது உடம்புக்கு மிக அகலமாக இருந்ததால் ஒரு பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்திருக்கிறார். மெத்தை இல்லை. உணர்வில்லாத உடம்பு என்பதால் நோவும் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் இருப்பெலும்பில் புண் வைத்து, அது ஆழமாகி, வைத்தியசாலையில் மூன்று மாதம் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறார். “நீங்க தந்தத நான் குறை சொல்லல பிள்ள. அதில இருந்தா திரும்பவும் புண் வந்திடும் எண்டு அம்மா பயப்படுறா” என்றார். அன்று அந்த முற்றத்தில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இங்கே எழுதாமல் விட்டால் இக்கட்டுரை முழுமையாகாது.

அதன் பின்னர்தான் சக்கர நாற்காலி என்றால் என்னவென்று படித்தேன். உலக சுகாதார நிறுவனம் வசதி குறைந்த நாடுகளுக்கென 2008இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாற்காலியைக் கொடுப்பதில் எட்டுப் படிகள் உள்ளதாக அது கூறுகிறது. ஆளைப் பதிவுசெய்தல், அவரது உடலையும் வாழும் இடத்தையும் பரிசீலித்தல், எது பொருத்தமெனத் தீர்மானித்தல், பணம் தேடிப் பெறுதல், நாற்காலியைத் தயார்படுத்தல், உட்காரவைத்துச் சரிபார்த்தல், பாவிக்கப் பழக்குதல், பின்னர் திரும்பத் திரும்பச் சென்று பார்த்துத் திருத்திக் கொடுத்தல் என்பனவே அவை. நான் 2016இல் செய்தது இவற்றுள் ஒன்றோ இரண்டோதான். உலகத்தில் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுவதாகவும், நாட்டுக்கு நாடு வேறுபட்டு, அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 35 பேருக்கே அது கிடைப்பதாகவும் அதே நிறுவனம் மதிப்பிடுகிறது. கிடைத்தவர்களின் வீடுகளிலும் எத்தனை நாற்காலிகளில் துணி காய்கிறதோ!

இப்போது எங்கள் சேவை சிறியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் திருத்த நாள் வைக்கிறோம். அன்று மூதூர்ப் பக்கம் வந்த நாற்காலிகள் பதினொன்று. ஒன்றுக்கு பிறேக் பிடிக்கவில்லை. ஒன்றின் முன்சில்லுப் பெயரிங் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இன்னொன்றின் இருக்கைத் துணி தொட்டிலாகத் தொங்கியது. மூதூர் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஸ்போக்ஸ் கம்பி இறுக்குவதிலும் றிம் நெளிவு எடுப்பதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. 2006இல் அவரும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கந்தளாய்க்கு நடந்தவர். “சைக்கிளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் தங்கச்சி? சைக்கிள் பழுதானா இறங்கி உருட்டலாம். இவங்க இறங்க ஏலாதே” என்றார். கூலி கேட்கவில்லை. ரயருக்கு மட்டும் காசு வாங்கினார்.

மத்தியானத்துக்குப் பின் அக்காவின் வீட்டுக்குப் போனோம். முன்னைய இரண்டு பயணங்களில் அவரது இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரையான நீளம், முதுகின் உயரம் ஆகியவற்றை இயன்மருத்துவர் அளந்திருந்தார். வீட்டுவாசல், மலசலகூடம், கிணற்றடிவரையான நிலம் எல்லாவற்றையும் நான் அளந்தேன். அது குருமணல் நிலம். வைத்தியசாலையில் பாவிக்கும் நாற்காலியின் சின்ன முன்சில்லுகள் அந்த மணலில் புதைந்துவிடும். ஆகவே இம்முறை கொண்டுபோனது முன்னால் ஒரே ஒரு பெரிய சில்லுள்ள, நீளமான மூன்றுசில்லு நாற்காலி. கரடுமுரடான நிலத்தில் அது கவிழாது, புதையவும் மாட்டாது. வீட்டுக்குள் திருப்புவதுதான் கொஞ்சம் சிரமம். அதையும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னோம். “எனக்கு வீட்டுக்குள்ள திரிஞ்சது காணும்” என்று சிரித்தார்.

வாசற்படி ஒன்பது அங்குல உயரம். ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலச் சாய்வு என்பது கணக்கு. ஆகவே ஒன்பது அடி நீளத்துக்குச் சாய்தளம் கட்ட வேண்டும். அக்காவின் தங்கையின் கணவரும் அயலில் இரண்டு பேரும் முதல் வாரமே சீமெந்து போட்டிருந்தார்கள். மலசலகூடக் கதவையும் அகலமாக்கிச் சுவரில் கைபிடி பூட்டியிருந்தார்கள்.

சகோதரிகளே, இந்த மலசலகூடக் கதையை ஆண்கள் எழுதும் அறிக்கைகளில் அதிகம் காணமாட்டீர்கள். அக்கா பத்து வருடத்துக்கு மேலாகப் பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து வந்திருக்கிறார். தண்ணீர் குடித்தால் சலம் போகும். போனால் வயதான அம்மாதான் தூக்கித் துடைக்க வேண்டும் என்ற நினைப்பு. அதனால் அடிக்கடி சலத்தில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வரும். மாதவிலக்கு நாட்களில் யாரும் வீட்டுக்கு வரக்கூடாதென்று சாமி கும்பிடுவாராம். அம்மாவுக்கோ முழங்கால் வருத்தம், இடுப்பு வருத்தம். யுத்தத்தில் ஒருவர் காயப்பட்டால் அவரைப் பார்க்கும் பெண்ணும் காயப்படுகிறாள் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

அக்காவை நாற்காலிக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா, முழங்காலின் பின்பக்கம் இரண்டு விரல் நுழைகிறதா, பாதம் தட்டில் ஒழுங்காகப் படிகிறதா என்று பார்த்தோம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது முன்னுக்கோ பக்கத்துக்கோ நன்றாகச் சரிந்து உட்காருமிடத்துக்கு ஓய்வு கொடுக்கப் பழக்கினோம். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் மங்காமல் இருந்தால் அதுதான் புண்ணின் ஆரம்பம். சூடான கோப்பையை மடியில் வைக்கக்கூடாது, சுட்டாலும் தெரியாது. தங்கையின் மகள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

“இப்ப எங்க போகலாம் அக்கா?” என்று கேட்டேன். கோயிலுக்கு என்பார், கடற்கரைக்கு என்பார் என்று நினைத்தேன்.

“எங்கட வளவுக்கு” என்றார்.

இப்போதைய வீடு ஒழுங்கையின் இந்தப் பக்கம். தாய்தந்தையரின் பழைய வளவு இருநூறு மீற்றர் தள்ளி. காணி விடுவிக்கப்பட்டபோது எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வழியிருக்கவில்லை. 2006இல் ஓடி வந்த பிறகு அவர் அந்த மண்ணைக் காணவேயில்லை. வழியில் நாங்கள் தள்ள முயன்றபோது கையைத் தட்டிவிட்டார். இரண்டு இடத்தில் இறுகியது. தானே பின்வாங்கித் திருப்பி எடுத்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது.

பழைய வீட்டின் அத்திவாரம் மட்டும் இருந்தது. பனைகள் இரண்டு தலையில்லாமல் நின்றன. கிணறு தூர்வாரிப் பாவனையில் இருந்தது. சுற்றிவரத் தங்கையின் கணவர் கச்சான் போட்டிருந்தார். உழைக்கிற மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வளவில் அக்காவுக்கும் பங்கு உண்டென்பதை யாரும் பேசியதில்லை. ‘அவவுக்கு எதுக்கு, அவவை நாங்கதானே பாக்கிறம்’ என்பதே எல்லோருடைய எண்ணமும். அக்காவும் அப்படித்தான் இருந்துவிட்டார் போலும்.

கிணற்றுக்கட்டோடு நாற்காலியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பின்பு அவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தக் கிணத்தடியில இருந்து அந்தப் பனை மட்டும் எனக்கு வேணும். நான் கீரையும் மிளகாயும் போடப்போறன். மேசை மாதிரி உயர்த்திப் பாத்தி கட்டித் தா. நாற்காலியில இருந்தே தண்ணி ஊத்துவன்.”

அவர் கச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “சரி மச்சாள். இந்தக் கச்சான் புடுங்கினாப் பிறகு கட்டித்தாறன்” என்றார்.

“கடதாசியிலயும் என்ர பேர் இருக்கோணும்” என்றார் அக்கா.

அதற்கு உடனே பதில் வரவில்லை. வரும்வரை அக்காவும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் தங்கைதான், “கிராம சேவையாளரிட்டக் கதைப்பம் அக்கா. நீங்களும் வாங்கோ” என்றாள். காணி விடயம் ஒரு நாளில் முடிவதில்லை; இதுவும் இனித்தான். ஆனால் அலுவலகத்துக்குத் தானே போவதாக அக்கா சொல்லியிருக்கிறார். அங்கே படிகள் இருந்தால் என்ன செய்வதென்று என்னிடம் கேட்டார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறதென்றும், பொதுக்கட்டடங்களில் அவர்கள் செல்ல வழி இருக்கவேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வந்ததென்றும் சொன்னேன். “நாங்க முகாமில இருந்தநேரம்” என்றார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அது நான் ரிபன் கட்டிய நாற்காலியோடு அவரிடம் போன வருடம்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ பாவிக்காமல் ஒரு சக்கர நாற்காலி கிடந்தால், கிடப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அகலமா, மெத்தையா, பிறேக்கா, மணலா, வாசற்படியா என்று அதில் இருக்க வேண்டியவரிடமே கேளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அளந்து தரும்படி கேளுங்கள். அளக்காமல் கொடுத்தால் கையொப்பம் வைக்க அவசரப்பட வேண்டாம். மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து ‘உயிரிழை’ என்ற அமைப்பை நடத்துகிறார்கள். நமது பகுதியிலும் பாவிப்பவர்களே கூடிப் பேசினால் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள் பிழைவிடுவது குறையும்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. லொறியின் பின்னால் அக்காவின் பழைய நாற்காலி இருந்தது. அதன் இருக்கையைக் குறுக்கி, மெத்தை போட்டு, அடுத்த மாதம் கிளிவெட்டிப் பக்கம் ஒரு அம்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும். அவரது அளவு என் கொப்பியில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.