தொப்பியின் குரல்

ஓசைகளுக்குப் பெயரிடுவதில் தமிழ் சலிப்பதேயில்லை. பழுதான ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தால், அப்பெயர்கள் நோய்க்குறிகளாகவே ஆகிவிடுகின்றன. கிணுகிணுத்தால் ஏதோ திருகு தளர்ந்திருக்கும். கரகரத்தால் வாய்ஸ் காயில் உரசக்கூடும். சடசடத்தால் கூம்போ அதன் விளிம்போ கிழிந்திருக்கலாம்.

எங்கள் வீட்டு ஸ்பீக்கர் சடசடத்தது. அதுவும், தந்தையார் 1987இல் ஊர்க்கோயில் திருவிழாவில் வாசித்த மிருதங்கப் பதிவில், தொப்பி ஒலிக்கும் இடங்களில் மட்டும். அவர் வாசிப்பில் எஞ்சியிருப்பது அந்த ஒரு கேசட்தான். நாடா நைந்துவிட்டதோ என்று அம்மா கலங்கினார். நாடா கெட்டிருந்தால் மீட்க வழியில்லை. பெட்டி கெட்டிருந்தால் உண்டு. எனவே முதலில் ஹெட்போனில் கேட்டோம். தொப்பி மாசின்றி ஒலித்தது. அம்மாவின் காதிலும் மாட்டினோம். சற்று நேரம் கேட்டுவிட்டு, விரலால் தாளம் போடத் தொடங்கினார்.

பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரில் இட, வலக் கம்பிகளை மாற்றிச் செருகினோம். சடசடப்பு மறு பெட்டிக்குத் தாவியிருந்தால் குற்றம் ஆம்ப்ளிஃபயருடையது. அது தாவவில்லை. பெட்டிமேல் இருந்தவற்றை அகற்றினோம், பக்கப்பலகைகளை அழுத்திப் பார்த்தோம், ஓசை அடங்கவில்லை. பழுதைத் தேடுவதென்பது குற்றமற்றவற்றை ஒவ்வொன்றாக விடுவிப்பதுதான் போலும்.

முன்துணியைக் கழற்றியதும் விடை தெரிந்தது. கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் நுரைவளையம் விரல் பட்டதும் பொடியாய் உதிர்ந்தது. பாலியூரிதேன் நுரை காற்றாலும் ஈரத்தாலும் நாளடைவில் தானே சிதைவது. பயன்படுத்தாது மூடிவைத்தாலும் தப்பாது. தாழ்ந்த ஒலிகளுக்கே கூம்பு மிகுதியாக முன்னும் பின்னும் நகரும். வலந்தலை தப்பியதும் தொப்பி சிக்கியதும் அதனால்தான்.

சென்னை ரிச்சி தெருவில் அளவொத்த 8 அங்குல வளையம் கிடைத்தது. பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டியெடுத்து, வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிட்டோம். சட்டத்தில் ஒட்டும்போதுதான் கவனம் வேண்டும். காயிலைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கூம்பு மையம் பிசகினால் சடசடப்பு போய்க் கரகரப்பு வந்து சேரும். இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக அழுத்தி விடுவித்து, உரசல் கேட்கிறதா என்று பசை இறுகும்வரை சோதித்துக்கொண்டிருந்தோம். ஓர் இரவு காயவிட்டபின், தொப்பி தெளிவாக எழுந்தது.

ஆயினும், நுரைக்கு நேரும் முதுமை ஒருநாள் நாடாவுக்கும் நேரும். அன்று மாலையே அந்தக் கேசட்டைக் கணினியில் படியெடுத்து, இரண்டு இடங்களில் சேமித்துவைத்தோம்.