பறவைகள் பயணம் புறப்படும் காலம்

பறவை பார்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்காகக் குமண வரை வாகனம் பிடித்துப் போகத் தேவையில்லை. மருதமுனைக்குக் கிழக்கே கடல் என்றால், மேற்கே வயல்வெளியும் நீர்நிலைகளும்தான். மாரி மழை ஓய்ந்து, வேளாண்மை வெட்டி முடிகிற மாசி, பங்குனியில் நீர் வற்றிச் சேறு தெரியும். ஓய்வான காலைகளில் சிறிய கமராவுடன் நான் போவது அங்குதான்.

கொக்கும் நீர்க்காகமும் வருடம் முழுக்க நம்முடன் இருப்பவை. அவற்றுக்கிடையே ஓடித்திரியும் உள்ளான்களில் பல விருந்தாளிகள். வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா போன்ற இடங்களிலிருந்து செப்டெம்பர், ஒக்டோபரில் வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. புறப்படுமுன் புழுவும் பூச்சியும் தின்று உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. சில இனங்கள் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அதுதான் அவற்றின் கட்டுச்சோறு. 2022 ஒக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளங்குஞ்சு ஒன்று, அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. வழியில் ஒரு வாய் உணவில்லை.

இதை அறிந்தால் கமரா பிடிக்கும் கை தானே நிதானிக்கும். கூட்டமாய்ப் பறக்கும் படம் வேண்டுமென்று சிலர் கல்லெறிகிறார்கள். சஹனில் உட்கார்ந்த விருந்தாளியை நாம் எழுப்பிவிடுவோமா? வீணாய்ப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் சேர்த்த கொழுப்பு கரைகிறது. இரை தேடும் நேரமும் போகிறது.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, தாழ்ந்து அமர்ந்து காத்திருங்கள். பறவை தின்பதை நிறுத்தித் தலை தூக்கினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். பின்வாங்குங்கள்.

“கொக்கப் படம் புடிச்சி என்ன செய்யப் போறீங்க ராத்தா?” என்று வரம்பில் வந்த ஒரு சகோதரி கேட்டார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். “இந்தச் சின்னக் குருவியா அவ்வளவு தூரம் போகுது?” என்றவர், மகளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

சகோதரிகளே, நீரோரத்தில் நாம் வீசும் குப்பைப் பையும், மண் கொட்டி நிரப்பும் பள்ளமும் அந்தச் சஹனில்தான் விழுகின்றன. இந்தப் பங்குனியில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்த் தூரத்தில் நின்று காட்டுங்கள். கமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.