உப்சலாவுக்குப் புறப்படுமுன்

நெடும்பயணத்தின் பாதி வீட்டுத் திண்ணையிலேயே நடந்து முடிகிறது என்பது மிகையன்று. நாளை எண்ணுவதும், தாள்களைச் சேர்ப்பதும், செலவைக் கணக்கிடுவதும், போகும் ஊரைப் பற்றிப் படித்தறிவதும் அந்தப் பாதியில் அடங்கும். ஆராய்ச்சிப் படிப்பில் ஈடுபட்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டு மாநாடுகளில் கட்டுரை வாசிக்க அழைப்பு வருவது இன்று புதுமையன்று. அத்தகைய அழைப்பொன்று ஸ்வீடன் நாட்டு உப்சலா நகரிலிருந்து ஒரு மகளுக்கு வந்திருப்பதாகக் கொண்டு, அவளோடு நாமும் அமர்ந்து திட்டமிடுவோமா?

அழைக்கும் ஊர்

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், ஃபிரிஸ் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ளது உப்சலா. ஸ்காண்டிநேவிய நாடுகளிலேயே மிகப் பழமையான பல்கலைக்கழகம் இங்குள்ளது. பேராயர் யாக்கோபு உல்ஃப்சனின் முயற்சியால், திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் வழங்கிய ஆணையின் பேரில், 1477ஆம் ஆண்டில் அது தோன்றிற்று. வெப்பத்தை 100 பாகைகளாகப் பகுத்தளந்த செல்சியஸும், செடிகொடிகளுக்கு இரு சொற்களில் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸும் ஆசிரியர்களாக விளங்கிய இடம் இது.

ஆயினும், புகழ்பெற்ற ஊரின் பெயரைச் சொல்லிக் கட்டணம் பறிக்கும் போலி மாநாடுகளும் இந்நாளில் உண்டு. ஆதலால், மாநாட்டை நடத்துவது எந்தத் துறை, பொறுப்பாளர்கள் யாவர் என்பதைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகவே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். அதன் பின்னரே பணம் கட்டலாம்.

பின்னோக்கி எண்ணுக

கட்டுரை வாசிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே திட்டத்தின் உயிர்நாடி. ஸ்வீடனுக்குரிய குறுகிய கால விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான 'ஷெங்கன்' விசாவாகும். பயண நாளுக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு தெரியப் பொதுவாக 15 நாட்கள் ஆகும். மேலும் விசாரிக்க நேர்ந்தால் 45 நாட்கள் வரை நீளக்கூடும். எனவே கடைசி நாளை நம்பியிருத்தல் தகாது. மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் சென்று சேர்ந்திருப்பது நலம்.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதங்களேனும் செல்லத்தக்கதாகவும், வெற்றுப் பக்கங்கள் இரண்டு உடையதாகவும் இருத்தல் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை. அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே, தந்தையின் பெயர் உட்பட, எழுத்துப் பிசகாமல் அமைய வேண்டும். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம்மவர்க்கு இதில் தனிக் கவனம் தேவை. படிக்கும் கல்லூரியின் சான்றிதழ், செலவை ஏற்பவரின் வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடச் சான்று ஆகியவையும் உடன் செல்ல வேண்டும்.

இங்கே பெற்றோர்க்கு ஒரு சொல். மகளின் மேன்மைக்காக நகையை அடகு வைக்கவும் தயங்காதவர்கள் நீங்கள். ஆனால் விசா கைக்கு வருமுன் திரும்பப் பெற முடியாத பயணச்சீட்டை வாங்கிவிடாதீர்கள். விசா மறுக்கப்பட்டால் அடகும் வட்டியுமே மிஞ்சும். பெரும்பாலும் முன்பதிவுச் சான்று ஒன்றே விண்ணப்பத்திற்குப் போதும். பயண நல்கை தரும் நிறுவனங்களும் கட்டணச் சலுகை தரும் மாநாடுகளும் உள்ளன. அவற்றுக்கான கடைசி நாள் முன்னதாகவே வந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

வழியும் வாசமும்

சென்னையிலிருந்து செல்வோர் இடையில் விமானம் மாற வேண்டியிருக்கும். முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக வாங்குவது பாதுகாப்பு. முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினாலும் மாற்று வழி செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பாகும். இறங்க வேண்டிய ஆர்லாண்டா விமான நிலையம் ஸ்டாக்ஹோமுக்கும் உப்சலாவுக்கும் இடையிலேயே உள்ளது. ஆதலால் தலைநகருக்குச் சென்று திரும்ப வேண்டியதில்லை. நேரே ரயிலேறினால் சுமார் 20 நிமிடங்களில் உப்சலா வந்துவிடும்.

ஜூன் மாதத்தில் அங்கே பகல் 18 மணி நேரத்திற்கும் மேலாக நீள்கிறது. கண்ணை மறைக்கத் துணிப்பட்டை ஒன்று கொண்டு சென்றால் உறக்கம் கெடாது. டிசம்பரிலோ பகல் 6 மணி நேரமே. கம்பளி ஆடையும் பனியில் வழுக்காத காலணியும் இன்றியமையாதவை. குழாய் நீரையே அஞ்சாமல் பருகலாம். ரொக்கப் பணம் அருகிவிட்ட நாடாதலால், அயல்நாட்டில் செல்லும் வங்கி அட்டையை ஊரிலேயே சரிபார்த்துக்கொள்க. இடைவேளையில் காப்பியோடு கூடிப் பேசும் 'ஃபீக்கா' என்னும் வழக்கம் ஸ்வீடன் மக்களுக்கு உயிர். கூச்சப்பட்டு ஒதுங்கி நில்லாமல், அவ்வேளையில் தன் ஆய்வைப் பற்றி நாலு பேரிடம் பேச மகள் முன்வர வேண்டும். மேடையில் கிடைக்கும் சில நிமிடங்களைவிட அந்தப் பேச்சு நெடுநாள் பயன் தரக்கூடும்.

ஊருக்கென ஒரு நாள்

மாநாடு முடிந்த மறுநாளே விமானமேற வேண்டாம்; ஒரு நாளை ஊருக்கென ஒதுக்குவோம். 118 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் செங்கற் பேராலயம் 1435இல் அர்ச்சிக்கப்பட்டது. சமயச் சீர்திருத்தத்திற்குப் பின் லூத்தரன் சபையினரின் ஆலயமாக விளங்கும் அதற்கு, 1989இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வருகை தந்தார். அரசராயிருந்து மாண்ட புனித எரிக்கின் திருப்பண்டமும், லின்னேயஸின் கல்லறையும் அதனுள் உள்ளன.

பல்கலைக்கழக நூலகத்தில் 'வெள்ளி விவிலியம்' காத்திருக்கிறது. ஊதா நிறத் தோலேடுகளில் வெள்ளியாலும் பொன்னாலும் கோத்திய மொழியில் எழுதப்பட்ட நற்செய்தி நூல் அது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் உருவாகி, 1648இல் பிராக் நகரிலிருந்து போர்க்கொள்ளையாக ஸ்வீடனுக்கு வந்து, 1669இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாயிற்று. அம்மொழியைப் பேசிய மக்கள் மறைந்துவிட்டனர். அவர்தம் சொல் இன்றும் ஏடுகளில் வாழ்கிறது.

லின்னேயஸின் தோட்டத்தில் நிற்கும்போது நம் கடற்கரை நினைவுக்கு வரும். அவருடைய மாணவர் கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, நம் நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்தார். அறிவைத் தேடி அன்று அவர் கடல் கடந்து நம்மிடம் வந்தார். இன்று நம் மகள் தன் ஆய்வை ஏந்தி அங்கே செல்கிறாள். அவள் அமர வேண்டிய இருக்கை, ஒரு தாள் குறைந்ததாலோ ஒரு நாள் பிந்தியதாலோ வெறுமையாகிவிடக் கூடாது. நாட்காட்டியை இன்றே எடுத்து, பின்னோக்கி எண்ணத் தொடங்குவோம்.