தரங்கம்பாடியில் ஒரு பழைய வீடும் எங்க அப்பாவும்

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. (தலைகாட்டினா மட்டும் என்னத்த கிழிச்சேன்னு கேக்கப்படாது.) போன மாசம் குடும்பத்தோட தரங்கம்பாடி போய்ட்டு வந்தேன். பயணக் கட்டுரைன்னு நம்பி வந்தவங்க பாதியில ஏமாந்தா கம்பெனி பொறுப்பில்லை :)

அப்பா, அம்மா, அப்பாயி, அக்கா, அத்தான், அக்கா பொண்ணு, அடியேன்னு மொத்தம் ஏழு பேர். ஓட்டல்ல ரூம் போட்டா ஆளுக்கொரு மூலையில டிவி பார்த்துட்டு திரும்பி வந்துடுவோம். அதனால முழு வீடா வாடகைக்குத் தேடினேன். கடலுக்குப் பக்கத்துல பழைய காலத்து வீடு ஒண்ணு சிக்குச்சு. நாலு ரூம், நடுவுல முற்றம், சமைச்சுப் போட ஒரு அம்மா. ஒரு நாளைக்கு 12,000 ரூபாய். அப்பாகிட்ட 4,000ன்னு சொல்லி வெச்சேன். அப்பாக்கள்கிட்ட எல்லா விலையையும் மூணால வகுத்துச் சொல்றது நம்ம மரபுதானே!

ஊரைப் பத்தி கொஞ்சம். 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க இங்க டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினாங்க. 1845ல பிரிட்டிஷ்காரங்ககிட்ட வித்துட்டு போய்ட்டாங்க. 1706ல இங்க வந்து இறங்கின சீகன்பால்குதான் அச்சுக்கூடம் வெச்சு, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சவர். ஊருக்குள்ள நுழையற வெள்ளை வாசல் 1792ல கட்டினது. இதுக்கெல்லாம் அண்ணன், 1306ல கட்டின மாசிலாமணிநாதர் கோயில். அதோட முன்பகுதியை கடல் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரை என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அக்கா பொண்ணு முற்றத்துக்கு ஓடினா. அம்மா நேரா அடுப்படிக்கு. அத்தான் வை-ஃபை பாஸ்வேர்டைத் தேடினார். அப்பா மட்டும் கூடத்து நடுவுல நின்னு அண்ணாந்து பார்த்துட்டே இருந்தார். தேக்கு உத்திரம், அதுக்கு மேல சின்னச் செங்கல்லை குத்தா அடுக்கி சுண்ணாம்புக் காரை போட்ட மச்சு. இதுக்கு மெட்ராஸ் டெரஸ்னு பேரு. எங்களுக்கு அதெல்லாம் வேணாம். மாயவரம் பக்கத்துல எங்க ஊர் வீட்டுக் கூடமும் இதேதான்.

"பதினொண்ணு" அப்படின்னார்.

"என்னப்பா?"

"உத்திரம். நம்ம வீட்ல ஒம்பது."

எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா அந்த வீடு இப்ப இல்லை. 2019ல வித்துட்டோம். வித்துட்டோம்னு சொல்றது கூட மரியாதைக்குத்தான். விக்க வெச்சது நான். அப்ப நான் புதுசா வேலைக்குச் சேர்ந்த நேரம். எதை எடுத்தாலும் எக்செல் ஷீட் போடுற வியாதி. மழைக்கு ஒழுகுது, முன் சுவரு பூரா உப்பு பூத்து உதிருது, வருஷத்துக்கு ரிப்பேர் செலவு 60,000, அங்க இருக்க ஆளில்லை, வித்து பேங்க்ல போட்டா இவ்வளவு வரும்னு கலர் கலரா கட்டம் போட்டு அப்பாகிட்ட காட்டினேன். அப்பா ஒண்ணும் எதிர்த்துப் பேசலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசா படிச்சார். "சரிதான்டா"ன்னார். வாங்கினவங்க ஆறே மாசத்துல இடிச்சுட்டாங்க. தூணையும் கதவையும் லாரியில ஏத்திட்டுப் போனாங்கன்னு பக்கத்து வீட்டு சித்தப்பா போன்ல சொன்னார்.

ரெண்டாம் நாள் காலையில வெளிச்சுவரைப் பூச ஒரு கொத்தனார் வந்தார். அறுபது வயசு இருக்கும். அப்பா காபி டம்ளரோட போய் பக்கத்துல உக்காந்துட்டார். நானும் சும்மா போய் நின்னேன்.

பழைய காரையை சுரண்டிட்டு புதுசா சுண்ணாம்புக் காரை பூசினார். சுண்ணாம்பை தண்ணியில வாரக்கணக்கா ஊறப் போட்டு, மணலோட சேர்த்து அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியை விட்டுக் கலக்கணுமாம்.

"இவ்ளோ பண்ணியும் கொட்டிருதே? சிமெண்ட் போட்டா நிக்காதா?"ன்னு நம்ம பொறியியல் அறிவை எடுத்து விட்டேன்.

அவர் என்னைப் பார்த்து சிரிச்சார். "கொட்டணும் தம்பி. காரை கொட்டினாத்தான் செங்கல் பொழைக்கும். சுவத்துக்குள்ள ஈரம் ஏறும், உப்பு ஏறும். சுண்ணாம்பு அதை வெளிய விட்ரும். நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசிக்க வேண்டியதுதான். சிமெண்ட்ட பூசினா பிளாஸ்டிக் கவரை மாட்டின மாதிரி. ஈரம் உள்ளயே நின்னு, உப்பு செங்கல்லையே தின்னுரும். வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும்."

அப்பா டம்ளரை கீழ வெச்சுட்டு எழுந்து போய்ட்டார்.

சாயங்காலம் கடலுக்கு முன்னாடி கொட்டியிருக்கற பாறை மேல நானும் அவரும் மட்டும் உக்காந்திருந்தோம். மத்தவங்க கோட்டைப் பக்கம் போயிருந்தாங்க. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அவரே ஆரம்பிச்சார்.

"முன் சுவருக்கு சிமெண்ட் பூசினது நான்தான்டா. நீ பொறந்த வருஷம். பேரன் பொறந்திருக்கான், வீடு பளிச்சுன்னு இருக்கட்டும்னு. உன் அப்பாயி வேணாம்னா. சுண்ணாம்பே போதும்னா. நான் கேக்கலை."

என்ன சொல்றதுன்னு தெரியலை. அவர் மேல தப்புன்னு நான் நினைச்சதே இல்லை. என் மேல அவருக்குக் கோவம்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்.

"நான் அந்த ஷீட்டைக் காட்டாம இருந்திருந்தா..."ன்னு இழுத்தேன்.

"அதுல தப்பில்ல. அதுல போட்ட கணக்கு சரி" அப்படின்னார். கொஞ்சம் விட்டு, "இந்த வீட்டுக்கு நெசமா எவ்ளோடா வாடகை? அந்த சமையக்காரம்மா வேற கணக்கு சொல்லுச்சு."

மாட்டினேன். "பன்னெண்டாயிரம்பா."

விரலை மடக்கி எண்ணினார். "அப்ப, அஞ்சு நாள் வாடகைக்கு நம்ம வீட்டை ஒரு வருஷம் பாத்திருக்கலாம்."

குத்திக் காட்டலை, நிஜமாவே கணக்குத்தான் போட்டார். ஆனா 60,000ங்கற அந்த நம்பரை இத்தனை வருஷம் மறக்காம வெச்சிருந்தார் பாருங்க, அதான் மனசைப் பிசைஞ்சுது.

அலை சத்தம் மட்டும் கேட்டுட்டு இருந்துச்சு. "நம்ம தூணு நாலும் எங்கயாச்சும் நிக்கும்ல?"ன்னு கேட்டார்.

"நிக்கும்பா. தேக்கு தூணை யாராச்சும் விறகாவா எரிப்பாங்க? காரைக்குடிக்குப் போயி, அங்கேர்ந்து ஏதாவது ரிசார்ட்டுக்குப் போயிருக்கும்."

"அங்க என்ன வாடகையோ"ன்னு சொல்லி சிரிச்சார். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணுலயும் கொஞ்சம். (கடல்காத்து, உப்பு, நம்புங்க.)

ராத்திரி அப்பாயி கூடத்துலயே பாயைப் போட்டு படுத்தாங்க. கட்டில் வேணாம்னுட்டாங்க. அப்பாவும் ஒரு தலகாணியை எடுத்துட்டு வந்து அவங்க பக்கத்துல படுத்துட்டார். ரெண்டு பேரும் ஏதோ பேசிட்டே இருந்தாங்க. என்ன பேசினாங்கன்னு நான் போய்க் கேக்கலை.

கிளம்பற அன்னிக்கு எல்லாரும் வண்டியில ஏறியாச்சு, அப்பாவைக் காணோம். புதுசா பூசின சுவரை உள்ளங்கையால தடவிட்டு நின்னார். "இன்னும் காயல"ன்னு சொல்லிட்டு கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு வந்து ஏறினார். சென்னை வர்ற வரைக்கும் வேட்டியில அந்த வெள்ளைத் தடம் இருந்துச்சு.

அந்த எக்செல் ஷீட் இன்னும் என் லேப்டாப்ல இருக்கு. நேத்து திறந்து பார்த்தேன். எல்லா ஃபார்முலாவும் சரியாத்தான் இருக்கு.

பி.கு: ஊர்ல பழைய சுண்ணாம்புச் சுவரு வீடு வெச்சிருக்கற மகராசன்களே, சிமெண்ட் மூட்டை இறக்கறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தரைக் கேட்டுடுங்க. இல்லேன்னா உங்க வீட்டு அப்பாயியைக் கேளுங்க.