லொறி நிற்கிற இடம்

மலையகத்துக் கொட்டகலையில் வீடு கட்டுகிறவரிடம், செங்கல்லா சீமெந்துக் கல்லா என்று கேட்டுப் பாருங்கள். சுவரைப் பற்றிப் பேச மாட்டார், லொறியைப் பற்றிப் பேசுவார். லொறி எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி இறங்க வேண்டும், சுமக்கிற ஆளுக்கு என்ன கூலி. செங்கல் எங்களுக்குப் பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். டீசல் எரித்து நாலாயிரம் அடி ஏறி வந்த கல், ரோட்டோரத்தில் இறங்கி, மிச்ச தூரத்தை ஆளின் தலையில் போகிறது. 16 அங்குல சீமெந்துக் கல் ஒன்று சுவரில் நாலைந்து செங்கல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். மேசனுக்கும் வேலை சுருக்கம். அப்புறம் யார் செங்கல்லை நினைக்கப் போகிறார்கள்?

குறை சொல்லவில்லை. ஆனால் தென்மேற்குப் பருவம் பிறந்து மழை சாய்வாக அடிக்கத் தொடங்கினால், சரியாகப் பூசாத நாலங்குலச் சீமெந்துக் கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும். காற்று அடிக்கிற பக்கத்தில் இடுப்பளவுக்குப் பச்சை படரும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, சுவரின் நடுவே காற்றுக்கு இடைவெளி விட்டுக் கட்டினார். கல்லில் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். வெயிலும் குளிரும் உள்ளே வரவும் தாமதமாகும். எங்கள் குளிருக்கு ஏற்ற முறைதான். அதற்கும் செங்கல் வேண்டுமே.

அண்மையில் ஒரு வீட்டில் பால் காய்ச்சினார்கள், போயிருந்தேன். முன்ஹோலில் ஒரு சுவர் முழுக்கச் செங்கல் படம் போட்ட வோல்பேப்பர். வரிக்கு வரி சாந்துக் கோடு, அங்கங்கே மூலை உடைந்த கல்கூட அச்சில் இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. எட்ட நின்று பார்த்தால் அழகாகவே இருந்தது.

கல்லுக்கு லொறி, பிழைப்புக்கு ஆட்டோ என்று இன்று எல்லாம் வண்டியில்தான். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக்கு இந்த வண்டித் தொல்லை கிடையாது. காம்பரா 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. விடியலில் தப்புச் சத்தம் கேட்டால் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துக்கு நடக்க வேண்டும், அங்கிருந்து மலைக்கு நடக்க வேண்டும். நடக்கிறவர்களுக்கென்று போட்ட கட்டடம் அது. இன்றைக்கு லயத்துக்கு லயம் ஆட்டோ நிற்கிறது. அம்மா கொழுந்துக்குப் போகிறார், மகன் லீசிங்கில் எடுத்த ஆட்டோவில் ஹயர் ஓடுகிறார். பஜாஜ் ஆட்டோ ஏறத்தாழ 9 அடி நீளம், நாலடிக்குச் சற்றுக் கூடிய அகலம். காம்பராவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும். இஸ்தோப்புக்கு முன்னால் நாலு தகரத்தைப் போட்டு மறைக்கலாம் என்றால், நிலம் தோட்டத்துடையது. தடி நட்ட மறுநாள் ஆள் வந்து நிற்பார்.

தனி வீடு வந்தால் தீரும் என்று நினைத்தோம். 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். முன்னமே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு சேர்த்து 14,000. அப்போதைய திட்டப்படி வீடு 550 சதுர அடி, காணி 7 பேர்ச். 7 பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். வீடு போக 1,350 சதுர அடி மிச்சம். தாளில் முப்பது ஆட்டோ நிறுத்தலாம். மலையில் பல வீடுகளில் ஒன்றுகூட நிற்காது, ஏனென்றால் வண்டி அந்த வாசலுக்கு வந்து சேர வழி இல்லை.

வழி இருக்கிற இடத்திலும் ஒரு வேடிக்கை. தோட்டப் பாதைகள் சிலவற்றில் சக்கரம் ஓடுகிற இரண்டு பட்டைக்கு மட்டும் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். நடுவில் புல்லும் சேறும். ஜீப்புக்கும் லொறிக்கும் அது போதும். ஆட்டோவுக்கு முன்சக்கரம் நடுவில் அல்லவா இருக்கிறது!

சரி, வீட்டோரத்தில் மண்ணை வெட்டி ஒரு தட்டு எடுக்கலாமே என்று சிலர் கடப்பாரையைத் தூக்குகிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைக் கண்ட நாடு இது. சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண் பிடிமானம் இழக்கும். அதன்மேல் மழைநீரும் இறங்கினால் கேட்க வேண்டியதில்லை. புது வீட்டுக்கு இடம் பார்க்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதம் கேட்கிறார்கள். குடிவந்த பிறகு ஆட்டோவுக்காக வெட்டுகிற நாலடி மண் யார் கண்ணிலும் படுவதில்லை. தாங்குசுவர் எழுப்பப் போனால் செலவு ஆட்டோவின் விலையை எட்டிப் பார்க்கும்.

பஜாரில் கதை வேறு. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற ஏ7 ரோட்டை ஒட்டிக் கீழே கடை, மேலே குடும்பம். நகரத் திட்டக்காரர்கள் இப்போது கலப்புப் பயன்பாடு என்று பெரிதாகப் பேசுவது எங்களுக்குப் பழைய பழக்கம். கொழும்பில் அதே பெயரில் எழும் அடுக்குமாடிகளில் கீழ்த்தளங்கள் கார்களுக்குப் போய்விடுகின்றன, மனிதர்கள் அதற்கு மேல். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், வீட்டுக்கு இத்தனை தரிப்பிடம் என்று சட்டம் கட்டாயப்படுத்தினால் அந்தச் செலவு வண்டி இல்லாதவர் தலையிலும் விழுகிறது என்று 2005இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். கார் நகரங்களுக்கு அது நியாயம். அதைக் காட்டி எங்களுக்கும் தரிப்பிடம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். இங்கே ஆட்டோ அந்தக் குடும்பத்தின் இரண்டாவது சம்பளம்.

வீட்டுக்கு வீடு தரிப்பிடம் கேட்கவில்லை. பத்து வீட்டுக்கு ஒன்றாக, ரோட்டோரத்தில் மண் உறுதியான இடத்தில், லொறி வந்து திரும்புகிற அளவுக்கு ஒரு தளம். அதிலிருந்து வீடுகளுக்குத் தள்ளுவண்டி இறங்கக்கூடிய சாய்வுப் பாதை. வீடு தொடங்குமுன் இதைப் போட்டுவிட்டால் கல் இறக்குகிற கூலி குறையும், செங்கல்கூடக் கட்டுப்படியாகலாம். வேலை முடிந்தபின் கூரை போட்டால் ஆட்டோ நிற்கும்.

பக்கத்து ஆட்டோக்காரத் தம்பியிடம் இதை விளக்கினேன். "கொட்டகை எல்லாம் சரிண்ணே, லைட்டு போடுவாங்களா? ராவைக்கு பேட்டரிய கழட்டிக்கிட்டுல்ல படி எறங்குறேன்" என்றார். லைட்டையும் சேர்த்துக்கொண்டேன். கரண்ட் பில் யார் பேரில் என்பதில்தான் இழுபறி.